கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் முப்பது வீடு, எப்படிக் கட்டலாம்?

மண்டபம் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. முப்பது குடும்பம் சேர்ந்து வீடு கட்டப் பார்க்கிறோம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் கிடைத்தாலும் மேலே கையில் இருந்து போட வேண்டும். விலை குறைவு என்று நாலு கிலோமீட்டர் உள்ளே ரோட்டோரமாக ஒரு இடம் காட்டுகிறார்கள். என் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர், தினமும் ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? வலையையும் இஞ்சினையும் கரையில் விட்டுவிட்டு அவ்வளவு தள்ளிப் படுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. கரையில் இருந்து 300 மீட்டரில் 70 சென்ட் இருக்கிறது, விலைதான் கூட. அதில் முப்பது வீட்டையும் நெருக்கிக் கட்டினால் மூச்சு முட்டுமா?

கீழக்கரை அக்கா:
முட்டாது தம்பி. நான் பிறந்த தெருவில் சந்து குறுகல், அதனாலேயே உச்சி வெயிலிலும் ஒரு ஓரம் நிழல் இருக்கும், கடை, பள்ளிவாசல், சொந்தக்காரர் வீடு எல்லாம் நடைதான். சுவரோடு சுவர் ஒட்டினால் வீட்டுக்கு ஒரு சுவர்ச் செலவு மிச்சம். வரிசையைக் கிழக்கு மேற்காக ஓட விடுங்கள், வாசல் தெற்கு வடக்கு பார்க்கும், காற்று நேராக நுழையும், மேற்கு வெயில் கடைசி வீட்டுக்கு மட்டும்தான். வண்டிகள் வெளியே நிற்கட்டும், ஆனால் ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையை அகலமாக விட்டுவிடுங்கள்.

கொத்தனார்:
அண்ணே, இங்கே வீட்டைத் தின்பது உப்புக்காற்று. வெளியே காற்றுபடும் தூண், உத்திரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வையுங்கள். கலவைக்கு உப்புத்தண்ணீரோ கடல் மணலோ வேண்டவே வேண்டாம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் சுவரை எலிப்பொறிக் கட்டில், அதாவது செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டு, கட்டுங்கள், கேரளாவில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை, கால்வாசி செங்கல் மிச்சமாகும், நடுவில் இருக்கும் காற்றறை சூட்டையும் தடுக்கும்.

பாம்பன்காரன்:
நெருக்கிக் கட்டுவதில் எனக்கு ஒரே பயம் கக்கூஸ் குழிதான். நம்ம மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கிறது, முப்பது குழி தோண்டினால் மணலில் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் ஊத்தெல்லாம் கெட்டுப்போகும். அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிவுத் தொட்டி கட்டுங்கள், ஊத்துக்குத் தள்ளி, கழிவுநீர் வாழைப் பாத்திக்குப் போகிற மாதிரி. அப்புறம், 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி ஆள்நெருக்கம் குறைந்த கிராமக் கரையில் 200 முதல் 500 மீட்டருக்குள் மீனவக் குடியிருப்புக்கு வழி உண்டு, தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் 9 மீட்டருக்குள். அனுமதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேட்டவர்:
குழி விஷயம் எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. ஊத்து இருக்கும் இடத்தை நாளைக்கே அளந்து வருகிறேன், தொட்டிக்கு இடம் ஒதுக்கிய பிறகு எத்தனை வீடு வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.