பட்ச்வொர்க் போர்வை: மெஷினில் துணி மடிகிறது, கையால் தைக்கலாமா?

தாவணித்துண்டு:
மிச்சத் துணிகளைச் சதுரமாக வெட்டி இணைத்து, 60க்கு 90 அங்குலத்தில் மேல்துணி தயார் செய்துவிட்டேன். நடுவில் பழைய காட்டன் புடவைகளை மடித்துப் போட்டு, அடியில் ஒரு துணி வைத்து, கால்மிதி மெஷினில் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கிறேன். கோடுகள் சந்திக்கும் இடத்தில் மேல்துணி மடிந்து தையலுக்குள் மாட்டிக்கொள்கிறது. நூல் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகிப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. பேசாமல் பிரித்துவிட்டுக் கையாலேயே தைத்துவிடலாமா? தினமும் போர்த்திக்கொள்ள, அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வை.

கடைத்தையல்:
டென்ஷன் மேல் பழி போடாதீர்கள். ஊசிக்குக் கீழே இருக்கிற மெஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கும். மேலே இருக்கிற ஃபுட் மேல்துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தையலிலும் மேல்துணி இம்மி இம்மியாகத் தள்ளப்பட்டு, அடுத்த கோட்டருகே மடிப்பாகச் சேர்ந்துவிடும். இதற்கென்றே வாக்கிங் ஃபுட் உண்டு. அதிலும் பல் இருப்பதால் மேல்துணியும் சேர்ந்தே நகரும். பழைய ஃபுட்டைக் கழற்றி எடுத்துப் போய், ஒத்துப் பார்த்து வாங்குங்கள். ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 3 மி.மீ. வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அடியுங்கள். ஊக்கு எவ்வளவு நெருக்கமாகக் குத்தினீர்கள்?

தாவணித்துண்டு:
நாலு ஓரத்திலும், அப்புறம் நடுவில் ஆங்காங்கே.

கடைத்தையல்:
போதவே போதாது. 4 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கு பட வேண்டும்.

கொல்கத்தா மருமகள்:
கையால் தைத்தால் இழுக்கப் பல்லும் இல்லை, அழுத்த ஃபுட்டும் இல்லை. இங்கே காந்தா என்கிற வங்காளக் கைத்தையல் போர்வை தைப்பவர்கள் பழைய புடவைகளை அடுக்கி, பஞ்சே வைக்காமல், முழுப் போர்வையையும் ஓட்டுத்தையலில், அதாவது ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டியே, முடித்துவிடுவார்கள். புடவைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்த காலமும் உண்டு. தையல் இழுப்பில் துணி லேசாக அலையடித்தாற்போல் சுருங்கும். காந்தாவுக்கு அதுதான் அழகே. உங்களுக்கு அடியில் என்ன துணி?

தாவணித்துண்டு:
புது பெட்ஷீட். நல்ல கெட்டி நெசவு.

கொல்கத்தா மருமகள்:
ஐயோ, அப்படியென்றால் நான் சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். நைந்த புடவையில் ஊசி தானாக இறங்கும், கெட்டி பெட்ஷீட்டில் ஒவ்வொரு குத்துக்கும் விரல் வலிக்கும். சதுரங்களின் இணைப்பில் இன்னும் மோசம். கையால்தான் தைப்பேன் என்றால், பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டி இணைத்து அடியில் வையுங்கள். குட்டையான ஊசி, நடுவிரலுக்கு ஒரு திம்பிள் (ஊசி குத்தாமலிருக்க மாட்டும் விரலுறை).

கடைத்தையல்:
அடிக்கடி துவைப்பார்களாமே, என் ஓட்டு மெஷினுக்குத்தான். அதில் மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஓட்டுத்தையல் ஒற்றை நூல், ஓரிடத்தில் அறுந்தால் அக்கம்பக்கமும் தளரும்.

கொல்கத்தா மருமகள்:
அறுந்தால் அங்கே இன்னொரு நூல் ஓட்டினால் தீர்ந்தது அண்ணா! இரண்டும் ஆசையென்றால், இணைப்புக் கோட்டின் மேல் மெஷின், சதுரத்துக்குள் கை.

தாவணித்துண்டு:
சரி, வாக்கிங் ஃபுட் வாங்கிப் பார்க்கிறேன். பெட்ஷீட்டைத் துவைக்காமலே வைத்துவிட்டேன், பரவாயில்லையா?

கடைத்தையல்:
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பல வருஷம் துவைத்த புடவை அப்படிச் சுருங்காது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள், பெட்ஷீட்டை அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு மறுபடி விரியுங்கள். சதுரங்களில் சிவப்பு, கருநீலம் ஏதும் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.