அடுத்த 10 வருஷத்துல தமிழ்நாட்டுல எந்த வேலைக்கு ஆள் தேவைப்படும்? தம்பிக்காக கேக்குறேன்

காசிமேடு_அக்கா:
தம்பி கவர்மெண்ட் ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்சிட்டான், பயாலஜி குரூப், மார்க் சுமார்தான். அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறாரு, தடைக்காலம் 61 நாளும் வீட்ல கடன்தான், அதனால இவனாவது கடலுக்குப் போகக்கூடாதுன்னு எல்லாரும் பிடிவாதமா இருக்கோம். வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் வந்துச்சு, எந்த வேலை எத்தன பர்சன்ட் வளரும்னு, மேல பூரா ஏஐ, டேட்டா அப்படின்னுதான் இருக்கு. பக்கத்து வீட்ல லோன் போட்டாவது இன்ஜினியரிங் சேருங்கன்றாங்க. அவனுக்கோ ஸ்பேனர் கையில எடுத்தாதான் முகத்துல சிரிப்பே வருது. எத நம்பி படிக்க வைக்கிறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர்_கணக்கு:
அக்கா, மொதல்ல அந்த பர்சன்ட்ட நம்பாதீங்க. அமெரிக்காவுல தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வேலை வாரியா கணிப்பு போடுறாங்க, 2023ல இருந்து 2033 வரைக்கும் போட்டதுல காத்தாலை டெக்னீஷியன் வேலை 60 சதவீதம் வளரும், அதான் முதலிடம். ஆனா ஆள் கணக்குல பாத்தா கூடப்போறது வெறும் 6,800 பேர். அதே லிஸ்ட்ல வீட்டுக்கு வந்து வயசானவங்கள பாத்துக்குற வேலை 21 சதவீதம்தான், ஆனா கூடப்போறது 8 லட்சத்துக்கும் மேல. சின்ன வேலை ரெட்டிப்பானாலும் சின்னதுதான். இன்னொன்னு, ரிட்டயர் ஆகுறவங்க இடமும் காலியாகும்ல, வளர்ச்சியே இல்லாத தொழில்ல கூட வருஷா வருஷம் ஆள் எடுக்குறது அதனாலதான், பர்சன்ட் மட்டும் போட்ட லிஸ்ட்ல அது தெரியாது.

ராயபுரம்_சிஸ்டர்:
பயாலஜி குரூப்னா எங்க ஆஸ்பத்திரி பக்கமும் பாருங்க. 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க 13.6 சதவீதம், 2031ல 18.2 ஆகும்னு சொல்றாங்க, கேரளாவுக்கு அடுத்து நம்மதான். பிள்ளைங்க வெளியூர்ல, வீட்ல வயசானவங்க மட்டும், இதை நான் தினமும் வார்டுல பாக்குறேன். டயாலிசிஸ் டெக்னீஷியன் மாதிரி பாராமெடிக்கல் கோர்ஸ் அரசு மெடிக்கல் காலேஜ்லயே இருக்கு, ஃபீஸும் கம்மி. மிஷினோட பழகுற வேலைதான் அதுவும், தம்பிக்குப் பிடிக்கலாம். பிரைவேட்ல ஆரம்ப சம்பளம் ரொம்ப குறைவு, நைட் ஷிப்ட் உண்டு, அதையும் சொல்லிடுறேன்.

எண்ணூர்_ஃபிட்டர்:
நான் ஐடிஐ ஃபிட்டர், முடிச்சு 9 வருஷம் ஆச்சு. மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகம், கன்டெய்னர் யார்டு, ரிஃபைனரின்னு மெயின்டனன்ஸ் வேலை இருந்துகிட்டேதான் இருக்கு, ஆனா முக்கால்வாசி கான்ட்ராக்ட். நான் இருக்குற எடத்துல பக்கத்துல நிக்கிற பர்மனெண்ட் ஆளு என்னைவிட ரெண்டு மடங்கு வாங்குறாரு, வேலை ஒண்ணுதான். எத்தன வேலை வரும்னு கேக்குறாங்க, எப்படிப்பட்ட வேலை வரும்னு யாரும் கேக்கறதில்ல, எனக்கு அதான் ஆத்திரம். அதனால ஒரே கம்பெனிய நம்பி மட்டும் தொழில் கத்துக்க வேணாம். பெரம்பூர்ல இருந்த பி அண்ட் சி துணி மில் 1996ல மூடினத நம்ம ஏரியாவுல யாரும் மறக்கல. வெல்டிங், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் இதெல்லாம் எந்த ஊர் போனாலும் சோறு போடும். ஐடிஐ முடிச்சிட்டு ஐசிஎஃப்ல, அதான் ரயில் பெட்டி ஃபேக்டரில, அப்ரென்டிஸ் பயிற்சிக்குப் போடட்டும், அது நிரந்தர வேலை இல்லதான், ஆனா ரயில்வேயோட லெவல் 1, அதான் கடைசி கிரேடு வேலைக்கான ஆளெடுப்புல அப்ரென்டிஸ் முடிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. 71 அரசு ஐடிஐய டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து தொழில் 4.0ன்னு மாத்தியிருக்காங்க, ரோபோ, சிஎன்சின்னு புது மிஷின் இருக்கு, அந்த ட்ரேடு கிடைக்குதான்னு கேளுங்க.

காசிமேடு_அக்கா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அவன்கிட்ட படிச்சு காட்டினேன், டயாலிசிஸ் மிஷின் எப்படி இருக்கும்னு கேட்டான், அப்புறம் ஏசி மெக்கானிக்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டான். ஐடிஐல சேர்ந்தா பசங்க மேல படிக்க கவர்மெண்ட் குடுக்குற தமிழ்ப் புதல்வன் காசு வருமா?

எண்ணூர்_ஃபிட்டர்:
கவர்மெண்ட் ஸ்கூல்ல 6ல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தா மாசம் 1,000 ரூபா வரும், ஐடிஐக்கும் உண்டு. ஆதாரோட பேங்க் அக்கவுண்ட் லிங்க் ஆகியிருக்கான்னு இப்பவே பாத்துருங்க. ஐடிஐ சீட்டுக்கு அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட யார்டுக்கு அனுப்புங்க அக்கா, குளிர்சாதன கன்டெய்னர் ரிப்பேர் பண்றத வெளிய நின்னு பாக்கட்டும்.