மீனைச் சமைத்தபின் தேறும் சத்து: ‘தேறுவீதம்’ என்னும் சொல் குறித்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சமைத்த மீனின் ஊட்டச்சத்தைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் குறித்து இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன், ஹெரிங் ஆகியவற்றைப் போலத் தசையிலேயே கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் மீன்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதிலேயே பாதி மடல்கள் கழிந்துவிட்டன. அதில் என் வாக்கு ‘கொழுமீன்’ என்பதற்கே. ‘எண்ணெய் மீன்’ என்றால் எண்ணெயில் பொரித்த மீன் என்றே பலரும் கொள்வர். ‘நெய்மீன்’ குமரி மாவட்டத்தில் வஞ்சிரத்தைக் குறிக்கும் பெயராக ஏற்கெனவே வழங்குகிறது. கொழுமீன் சங்கப் பாடல்களில் பயின்று வரும் சொல். அங்கே அது கொழுத்த மீன் என்று மட்டுமே பொருள்படுகிறது என்றாலும், கொழுப்பைத் தசையில் அல்லாமல் ஈரலில் சேர்த்துவைக்கும் காட் போன்ற மீன்களிலிருந்து இவ்வகையைப் பிரித்துக்காட்ட அச்சொல்லுக்கு வரையறை ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும்.

நம்மை உண்மையில் தடுமாறச் செய்வது வேறொரு கருத்து. சமைப்பதற்கு முன் மீனில் இருந்த ஒரு சத்தில் எத்தனை பங்கு சமைத்தபின் தட்டுக்கு வந்து சேர்கிறது என்னும் அளவுக்கு நம்மிடம் நிலைத்த சொல் இல்லை. சொல் இல்லாததால், 100 கிராம் உணவில் இருக்கும் சத்தின் செறிவையும் இந்த அளவையும் ‘சத்தின் அளவு’ என்னும் ஒரே தொடரில் போட்டுக் குழப்புகிறோம். சமைத்தால் மீனில் புரதம் கூடுகிறது என்று தமிழ் இதழ்களில் அவ்வப்போது வரும் செய்தி இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையில் அட்லாண்டிக் கானாங்கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை மீனில் புரதம் 18.6 கிராம், கொழுப்பு 13.89 கிராம், நீர் 63.55 கிராம். நீரோ எண்ணெயோ சேர்க்காமல் வெப்பத்தில் வாட்டிய அதே மீனில், 100 கிராமுக்குப் புரதம் 23.85 கிராம், கொழுப்பு 17.81 கிராம், நீர் 53.27 கிராம். இந்த இரண்டு வரிகளை மட்டும் படிப்பவர் புரதமும் கொழுப்பும் கூடிவிட்டன என்றே முடிவு செய்வார். ஆனால் 18.6ஐ 23.85ஆல் வகுத்தாலும் 13.89ஐ 17.81ஆல் வகுத்தாலும் ஒரே எண்தான், ஏறத்தாழ 0.78 வருகிறது. அதாவது, 100 கிராம் பச்சை மீன் சமைத்தபின் 78 கிராமாகச் சுருங்கியது என்று கொண்டால், அந்த 78 கிராமில் இருக்கும் புரதம் பழைய 18.6 கிராமேதான்; வெளியேறிய 22 கிராமும் நீர். எதுவும் கூடவில்லை, நீர் வற்றியதால் செறிவு ஏறியிருக்கிறது, அவ்வளவே. (கொழுப்பு ஒரு சொட்டுக்கூட உருகி வழியாமல் கணக்கு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துவதைப் பார்த்தால், சமைத்த மீனுக்கான எண்களில் ஒரு பகுதி அளந்து பெறப்படாமல் கணக்கிட்டுப் பெறப்பட்டதோ என்று எனக்கு ஐயம் உண்டு. மீனை வாட்டிய தட்டைக் கழுவியவர் எவரும் இந்த ஐயத்தில் பங்குகொள்வர்.)

ஆகவே எடைகளைக் கணக்கில் சேர்க்காமல் செறிவுகளை மட்டும் ஒப்பிடுவது தவறு. சமைத்த மீனின் ஒரு கிராமில் உள்ள சத்தைச் சமைத்தபின் உள்ள மொத்த எடையால் பெருக்கி, அதைப் பச்சை மீனின் ஒரு கிராமில் உள்ள சத்துக்கும் அதன் மொத்த எடைக்குமான பெருக்கத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவதே முறை. 1975இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதனையும், நீர் நீக்கிய உலர் எடையை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையையும் ஒப்பிட்டு, உலர் எடைக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று விளக்கியது. சமைக்கும்போது நீரோடு திடப்பொருளும் கரைந்தும் வழிந்தும் போவதே அதற்குக் காரணம். எனவே நமக்கு வேண்டியது ஒரு சொல் மட்டுமன்று, முன்னொட்டால் இரண்டாகப் பிரியக்கூடிய சொல்.

இதுவரை முன்மொழியப்பட்டவற்றில் ‘தக்கவைப்பு வீதம்’ ஊழியரைத் தக்கவைப்பது, வாடிக்கையாளரைத் தக்கவைப்பது என்று மேலாண்மைத் துறையில் ஊன்றிவிட்டது. மேலும், தக்கவைப்பதற்கு ஒரு முயற்சியும் அதைச் செய்ய ஒருவரும் வேண்டும். மீன் துண்டு எதையும் முயன்று தக்கவைப்பதில்லை. ‘எஞ்சுவீதம்’ எளிய சொல், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் எஞ்சுவது முதலில் இருந்ததைவிட மிகாது. மீனைப் பொரிக்கும்போது சட்டியிலுள்ள எண்ணெய் மீனுக்குள் ஏறுவதால், கொழுப்பு குறைவான மீனில் மொத்தக் கொழுப்பின் கணக்கு 100 விழுக்காட்டைத் தாண்டிப் போவது வழக்கமான ஒன்று. நூறில் இருநூறு எஞ்சியது என்று எப்படி எழுதுவது?

என் முன்மொழிவு ‘தேறுவீதம்’. மீன் கடையில் நின்று, “தலையும் குடலும் போனால் கிலோவுக்கு எவ்வளவு தேறும்?” என்று கேட்காதவர் நம்மில் இல்லை. கழிவு போக நமக்குக் கிடைப்பது என்னும் பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. அதே வினையைக் கூடுவதற்கும் வழங்குகிறோம். ஒரு படி அரிசி வடித்தால் எத்தனை பேருக்குச் சோறு தேறும் என்பது சமையற்காரரின் அன்றாடக் கேள்வி. ஆகவே நூறுக்குக் கீழும் மேலும் இந்தச் சொல் இயல்பாகச் செல்லும். தேறல் என்றால் கள்ளின் தெளிவு அல்லவா என்று புலவர் ஒருவர் கேட்கக்கூடும். தெளிவும் வடித்தபின் கிடைப்பதுதானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதிலிருந்து இரண்டு சொற்களைப் பெறலாம். சமைத்தபின் உள்ள எடையைச் சமைப்பதற்கு முன் இருந்த எடையால் வகுப்பது ‘எடைத் தேறுவீதம்’. மேற்சொன்ன கானாங்கெளுத்திக்கு அது 78 விழுக்காடு. குறிப்பிட்ட ஒரு சத்தில் வந்து சேரும் பங்கு ‘சத்துத் தேறுவீதம்’. பின்னதில் இரு எடைகளையும் கொண்டு கணக்கிடுவதை ‘மெய்த் தேறுவீதம்’ என்றும், உலர் எடைக் கணக்கைத் ‘தோற்றத் தேறுவீதம்’ என்றும் பிரிக்கலாம்.

சொல் பயன்படுமா என்று பார்க்க இரண்டு வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். ‘2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சூட்டடுப்பில் (ஓவன்) வாட்டிய சால்மனில் வைட்டமின் டி-யின் தேறுவீதம் ஏறத்தாழ முழுமையாகவும், தாவர எண்ணெயில் பொரித்த சால்மனில் பாதியளவாகவும் இருந்தது.’ ‘பொரித்த மீனில் மொத்தக் கொழுப்பின் தேறுவீதம் உயர்ந்திருக்க, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் தேறுவீதம் தாழ்ந்திருக்கலாம், ஏறிய கொழுப்பு சட்டியினுடையது, இறங்கியது மீனுடையது.’ இரண்டாவது வாக்கியத்தை ‘சத்தின் அளவு’ என்னும் தொடரைக் கொண்டு எழுத முயன்று பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் நம் சமையலுக்கே உரியது. மேலைநாட்டு அட்டவணைகள் வாட்டிய துண்டை மட்டும் எடைபோட்டுவிட்டு, வடிந்ததை இழப்பாக எழுதிவிடுகின்றன. மத்திக் குழம்பில் வடிந்தது எங்கும் போவதில்லை. மறுநாள் சட்டியின் மேல் படர்ந்து நிற்கும் எண்ணெய்ப் படலத்தில் தாளித்த எண்ணெயோடு மீனின் கொழுப்பும் கலந்திருக்கிறது. நீரில் கரையும் பி வகை வைட்டமின்களின் ஒரு பகுதியும் குழம்பில் இறங்கியிருக்கும். அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றித்தான் உண்கிறோம். ஆகவே குழம்பு வகைக்குத் தேறுவீதம் எழுதும்போது, துண்டுக்கு மட்டுமா, குழம்பையும் சேர்த்தா என்பதை வரையறையிலேயே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியில் இது இன்னும் முக்கியம். முள்ளை நீக்கிய பச்சை மீனையும் முள்ளோடு சமைத்த மீனையும் ஒப்பிட்டால், சுண்ணாம்புச் சத்து வானத்திலிருந்து இறங்கியதுபோல் தோன்றும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பு அட்டவணைகள் 528 உணவுகளைப் பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவை சமைக்காத பொருள்கள். அங்கிருந்து எண்களை எடுத்துத் தமிழில் எழுதும் எவரும், சமைத்த உணவைப் பற்றிப் பேசுவதற்கு இடையில் சத்துத் தேறுவீதத்தால் பெருக்கியாக வேண்டும். அந்தப் பெருக்கலைச் செய்தோமா இல்லையா என்பதை வாசகருக்குச் சொல்லியும் ஆக வேண்டும்.

இணைய அகரமுதலியான விக்சனரியில் இடுவதற்குப் பின்வரும் வரையறையை வரைந்திருக்கிறேன்: ‘சத்துத் தேறுவீதம்: ஓர் உணவின் உண்ணத்தக்க பகுதியில் சமைப்பதற்கு முன் இருந்த குறிப்பிட்ட சத்தின் மொத்த நிறைக்கும், சமைத்தபின் அதே பகுதியில் உள்ள அச்சத்தின் மொத்த நிறைக்கும் உள்ள உறவை விழுக்காட்டில் தரும் அளவு. சாறு அல்லது குழம்பு சேர்க்கப்பட்டிருப்பின் அது குறிப்பிடப்பட வேண்டும்.’ ‘உறவு’ என்னும் சொல்லை மாற்றி, எதை எதால் வகுப்பது என்று நேரடியாக எழுதலாமா என்று கணித ஆசிரியராக இருக்கும் உறுப்பினர் சொன்னால் திருத்திவிடுகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வழக்கில் ‘தேறும்’ என்பது மீன் வாங்கும்போது இதே பொருளில் வருமா, வேறு சொல் உண்டா என்பதை ஈழத்து நண்பர்கள் அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.