நாலு கால்ல நாய் வருது, ரெண்டு கால்ல நிக்க வெச்சா முகமூடி மாட்டின மனுஷன் ஆயிடுது. ரெஃபரன்ஸ் (பாத்து வரையுற போட்டோ) எப்படி யூஸ் பண்றது?

அலசூர்_பென்சில்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல அலசூர் பக்கம் இருக்கேன், ரெண்டு வருஷமா வரையுறேன். அம்மாச்சி ஊரு ராஜபாளையம், லீவுக்குப் போனா அங்க ஒரு வெள்ளை நாய் இருக்கும், ரோஸ் மூக்கு, ராத்திரி முழுக்க வாசல்லயே உக்காந்திருக்கும். அது போயி பல வருஷம் ஆச்சு, மனசுல இருந்து போகல. அத ஒரு காமிக் கேரக்டரா கொண்டு வரணும், வேட்டி கட்டி ரெண்டு கால்ல நடக்குற ராஜபாளையம், ராத்திரி வாட்ச்மேன் வேலை. போட்டோ பாத்து நாலு கால்ல வரைஞ்சா ஓரளவு நல்லாவே வருது, எழுந்து நிக்க வெச்சதும் கெட்டுப் போகுது. கால் எங்க மடங்கணும், கழுத்து எங்க சேரணும்னு பிடிபடல. பின்ட்ரெஸ்ட்ல நூறு போட்டோ சேத்து வெச்சிருக்கேன், எத எதுக்கு பாக்கணும்னு தெரியல. யாராச்சும் சொல்லுங்க.

கரிக்கோடு:
வாட்ச்மேன் ஐடியா ரொம்ப பிடிச்சிருக்குங்க, கண்டிப்பா முடிங்க. மொதல்ல கால். நாயோட பின்னங்கால்ல பின்பக்கமா துருத்திட்டு இருக்குறத எல்லாரும் முட்டின்னு நினைச்சு வரையுறாங்க, அது குதிகால். நிஜ முட்டி மேல வயித்துகிட்ட இருக்கு, நமக்கு மாதிரியே முன்னாடி தான் தள்ளும். நாய் நிக்கிறது விரல்ல. நீங்க குதிகால தூக்கி முன்பாதத்துல நின்னு, முட்டிய கொஞ்சம் மடக்கி, கண்ணாடில சைடா பாருங்க, கிட்டத்தட்ட அதே அமைப்பு தான், அதுக்கு பாதம் நீளம் அவ்ளோதான்.

அதனால வரையுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, மனுஷன் மாதிரி முழு பாதமும் தரையில படுமா இல்ல விரல்ல நிக்குமா. ரெண்டுமே ஓகே, கலந்து கட்டினா தான் முகமூடி ஃபீல் வருது. விரல்ல நிக்குதுன்னா முட்டி முன்னாடி, குதிகால் பின்னாடி, விரல் உடம்போட எடைக்கு நேர் கீழ வரணும், இல்லன்னா குப்புற விழப்போற மாதிரி இருக்கும். வேட்டிய முழுசா இறக்கி விட்டா இதெல்லாம் மறைஞ்சிடும், மடிச்சு கட்டி விடுங்க, அந்த குதிகால் வளைவு தெரிஞ்சா போதும்.

அப்புறம் தோள், இத யாரும் கவனிக்கிறதே இல்ல. நம்ம தோள அகலமா விரிச்சு வெச்சிருக்குறது காரை எலும்பு, அதாவது கழுத்துக்கு கீழ குறுக்க போற எலும்பு, நாய்க்கு அது பேருக்கு தான் இருக்கு. தோள்பட்டை எலும்பு நெஞ்சோட ரெண்டு பக்கமும் ஒட்டி தொங்குது, நெஞ்சு ஒடுக்கமா, ஆனா முன்னும் பின்னும் ஆழமா இருக்கும். நீங்க ஜிம் பாடி மாதிரி தோள் போட்டு அதுமேல நாய் தலைய வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். தோள சரிச்சு, கழுத்த தடிமனா ஆரம்பிச்சு கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு பாருங்க.

கப்பன்பார்க்_காலை:
மேல சொன்னது அத்தனையும் சரி. நான் ரெஃபரன்ஸ் பத்தி மட்டும் சொல்றேன். நூறு போட்டோவ விட நீங்களே எடுத்த பத்து போட்டோ மேல். ஞாயித்துக்கிழமை காலைல கப்பன் பார்க் போங்க, விதவிதமா நாய் வரும், ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, வரையுறதுக்குன்னு சொன்னா சந்தோஷமா நிக்க வெச்சு காட்டுவாங்க. நின்னுட்டு மேல இருந்து எடுக்காதீங்க, குத்த வெச்சு நாயோட கண் உயரத்துல எடுங்க. கிட்ட போயி எடுத்தா மூக்கு பெருசாகி காது சுருங்கிடும், அத அளவுன்னு நம்பி வரைஞ்சா மொத்த தலையும் தப்பாயிடும். நாலடி தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம் வைங்க.

கர்நாடகாவுல முதோல்னு ஒரு வேட்டை நாய் இனம் பாக்க கிடைக்கும், ஆனா அது ஒல்லி, முகம் நீளம். ராஜபாளையம் அத விட கட்டுமஸ்து, நெஞ்சு கனமா இருக்கும். முதோல்ல இருந்து கால், ஓட்டம் எடுத்துக்கலாம், தலைக்கு ராஜபாளையம் போட்டோ தான் வேணும். நடைக்கு மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபர் 1887ல வெளியிட்ட விலங்கு நடை போட்டோ வரிசை இருக்கு, நாய் ஓடுறது ஒவ்வொரு அடியா தெரியும், காப்புரிமை முடிஞ்சது, தைரியமா யூஸ் பண்ணலாம். டீக்கடை வாசல்ல படுத்திருக்குற தெரு நாயையும் விட்டுடாதீங்க, முடி குட்டை, எலும்பு வெளிய தெரியும், அனாடமி கத்துக்க அத விட நல்ல மாடல் இல்ல.

சிவாஜிநகர்_ஸ்கெட்ச்:
போட்டோ மேல ட்ரேஸ் பண்ணலாமான்னு கேப்பீங்க. பழகுறதுக்கு பண்ணுங்க, தப்பே இல்ல, ஆனா அவுட்லைன ட்ரேஸ் பண்ணாம உள்ள இருக்குற எலும்ப பண்ணுங்க. போட்டோவ மங்கலாக்கி தலைக்கு உருண்டை, மூஞ்சிக்கு ஒரு பெட்டி, நெஞ்சுக்கு முட்டை, இடுப்புக்கு சின்ன உருண்டை, மூட்டுக்கு மூட்டு கோடு. அப்புறம் போட்டோவ மூடிட்டு அதே போஸ வேற ஆங்கிள்ல வரைங்க, அங்க தான் எது புரியலன்னு தெரியும். இன்னொருத்தரோட கேரக்டர ரெஃபரன்ஸ்னு எடுக்காதீங்க ப்ளீஸ், அவங்க எடுத்த முடிவெல்லாம் உங்க நாய் மேல வந்து உக்காந்துடும்.

முகத்துக்கு ஒண்ணு. நாய்க்கு உள்புருவத்த தூக்குற தசை இருக்கு, ஓநாய்க்கு அது சரியா வளரலன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த பாவமா பாக்குற பார்வை அதுல இருந்து தான் வருது, அதனால மனுஷப் புருவம் ஒட்ட வேண்டாம், கண்ணுக்கு மேல உள்பக்கம் தோல லேசா தூக்குங்க. மீதிய காது பேசட்டும். வாய் மூக்குக்கு கீழயே முடிஞ்சிடக்கூடாது, மூஞ்சியோட பக்கவாட்டுல நல்லா பின்னாடி வரைக்கும் கிழிஞ்சு போகணும்.

அலசூர்_பென்சில்:
ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து தோள மட்டும் ஒடுக்கி, கழுத்த முன்னாடி சாய்ச்சு திரும்ப வரைஞ்சேன், பாத்ததும் எங்க வாசல் நாய் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பேனாவ கீழ வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை பார்க்குக்கு கண்டிப்பா வரேன். இன்னும் ஒரே ஒரு டவுட், வால் எங்க வைக்கிறது? வேட்டிக்கு மேலயா, துணிய கிழிச்சு வெளிய எடுக்கணுமா?

கரிக்கோடு:
வால் முதுகெலும்போட தொடர்ச்சி தான, இடுப்புக்கு பின்னாடி முதுகு முடியுற இடத்துல இருந்தே வரணும், தொடை நடுவுல இருந்து இல்ல. வேட்டி பின்பக்கம் வாலுக்கு கீழ இறங்கிப் போற மாதிரி கட்டுங்க, முன்னாடி கொஞ்சம் உயரமா இருக்கும். வரைஞ்சு போடுங்க, பாக்க காத்திருக்கேன்.