சில்லறையே புழங்காத காலத்துல நாணயச் சேகரிப்பு நிக்குமா?

பாளை வாசகன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு நாணய மன்றம் தொடங்கலாம்னு பேச்சு. டீக்கடையில இருந்து பூக்கடை வரைக்கும் ஸ்கேன் பண்ணித்தான் துட்டு கொடுக்காங்க. சில்லறையைக் கையாலேயே தொடாத பிள்ளைக எதைச் சேர்க்கும்? மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள்ள அடங்கணும். எதுல தொடங்க, என்ன கருவி வாங்க? இன்னொண்ணு, "காண்டாமிருகம் போட்ட 25 பைசா லட்சத்துக்குப் போகும்"னு பிள்ளைக வீடியோ காட்டுதுக. என்ன பதில் சொல்ல?

பொருநைக்காசு:
சில்லறை குறையிறதாலதான் இப்பவே தொடங்கணும். இன்னைக்குப் புழக்கத்துல இருக்க காசை முகமதிப்புக்கே எடுக்கலாம். பத்து வருசம் கழிச்சு அதே காசை வியாபாரிகிட்டதான் தேடணும்.

முதல் திட்டம்: வருசம், அச்சாலை (காசு அடிக்கிற ஆலை) வாரியா 1, 2, 5, 10, 20 ரூபாய். வருச எண்ணுக்குக் கீழ பாருங்க. வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லன்னா கொல்கத்தா. பழைய ஹைதராபாத் காசுல பிளந்த வைரமும் வரும், மும்பைன்னு தப்பா எழுதிராதீங்க. தேய்ஞ்ச காசுல நொய்டா புள்ளி அழிஞ்சு கொல்கத்தா மாதிரித் தெரியும். அதனால 10 மடங்கு லென்சு இல்லாம பதியக்கூடாது.

நம்ம பக்கம் ரொம்ப நாள் கடையிலயும் பஸ்லயும் 10 ரூபாய் காசு செல்லாதுன்னு வாங்காம இருந்தாங்க. காசுல கதிர் மாதிரி இருக்க கோடு 10 இருந்தா நல்லது, 15 இருந்தா போலின்னு ஒரு பேச்சு. 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும்னு அறிவிச்சது. அந்த வதந்தியால பல வீட்டு உண்டியல்ல 10 ரூபாய் காசு அதிகம் அடிபடாமக் கிடக்கு. அந்த 14 வடிவத்தையும் நிரப்புறதுதான் பிள்ளைகளுக்கு நல்ல முதல் வேலை. செலவு 140 ரூபாய். சரியான காசு 7.71 கிராம், 27 மில்லிமீட்டர்.

அடுத்தது உலோகம். 1 ரூபாயை மட்டும் எடுத்தாலே போதும். 1962-ல நிக்கல், 10 கிராம். 1975-ல செம்பு நிக்கல் கலவை, 8 கிராம். 1983-ல 6 கிராம். 1992-ல துருப்பிடிக்காத எஃகு, 4.85 கிராம். ஒரு காந்தத்தையும் தராசையும் வச்சு இதைப் பாடமாவே நடத்தலாம்: செம்பு நிக்கல் ஒட்டாது, எஃகு ஒட்டும், 1962 நிக்கலும் ஒட்டும்.

பதிவு நோட்டுல எடை, விட்டம், அச்சாலைக் குறி, கிடைச்ச ஊர், தேதி எல்லாம் எழுதச் சொல்லுங்க. இந்தக் கலைக்கு எதிர்காலம் இருக்குன்னா அது இந்த நோட்டுலதான் இருக்கு. விலைப்பட்டியலை யாரும் போன்ல பாத்துக்கிடலாம், எந்த ஊர்ல எந்தக் காசு கிடைச்சதுங்கிறதை எழுதி வைக்காட்டி அது போயே போச்சு.

செங்கோட்டைச் சக்கரம்:
மேல சொன்னதோட உள்ளூர்த் தலைப்பு ஒண்ணு சேருங்க. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். சங்கு போட்ட செப்புக் காசும் சக்கரம்ங்கிற நாணயமும் தென்காசி, செங்கோட்டைப் பழைய வீடுகள்ல இன்னும் இருக்கு, விலையும் பெரிசா இல்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். காசுல 1114-ன்னு இருந்தா பதறாதீங்க, அது கேரளத்துல வழங்குற கொல்லம் ஆண்டு. 825 கூட்டினா 1939 வரும். ஆண்டு ஆவணியில பிறக்கிறதால 1938-39ன்னு எழுதுறதுதான் சரி. பலர் இதை 900 வருசப் பழசுன்னு நெனச்சு வாங்கிருதாங்க.

தராசுமுனை:
வீடியோ விசயத்துக்கு வாரேன். காண்டாமிருகம் 25 பைசா எஃகுக் காசு, 1988-ல இருந்து கோடிக்கணக்குல அடிச்சது, 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சு. சாதாரணமா புழங்கின காசுக்கு பெரிய விலை கிடையாது. வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க்கும் அதே கதைதான். மோசடிக்காரன் முதல்ல விலையை ஏத்திச் சொல்லுவான், அப்புறம் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதின்னு நம்மகிட்டயே துட்டு கேப்பான். அப்படி எந்தக் கட்டணமும் நாங்க வாங்குறதில்லன்னு 2021 ஆகஸ்டுல ரிசர்வ் வங்கியே எச்சரிச்சிருக்கு. விக்கிறவன் முன்பணம் கட்டச் சொன்னா அதோட பேச்சை நிறுத்திரணும்.

"1818" போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு, அனுமார் காசு எல்லாம் கோயில் வில்லைகள். கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம் கிடையாது, சிலர் கதை விடுற மாதிரி அரிசியை இழுக்கவும் செய்யாது.

வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் போலியான்னு பாக்கத் தண்ணிச் சோதனை செய்ங்க. விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 0.01 கிராம் காட்டுற தராசுல தண்ணி டம்ளரை வச்சுப் பூஜ்யமாக்குங்க. காசை மெல்லிசு நூல்ல கட்டி, அடியும் பக்கமும் தொடாம முழுசா முக்குங்க. தராசு 1.13 கிராம் பக்கம் காட்டணும். எடையை அதால வகுத்தா 10.3 வரும், அதுதான் அடர்த்தி. செம்பு நிக்கல் போலின்னா 1.31 காட்டும், அடர்த்தி 8.9. காசுல காத்துக்குமிழ் ஒட்டியிருந்தா நல்ல காசும் போலி மாதிரித் தெரியும், அதனால நனைச்சு ஒரு தட்டு தட்டிட்டு முக்குங்க. அடர்த்தி சரியா வந்தாலும் வெள்ளியிலயே வார்த்த போலி தப்பிச்சிரும். 1939 ரூபாய் மாதிரி அரிய வருசம்னு சொன்னா எண்ணை லென்சுல பாருங்க. திருத்தின எண்ணைச் சுத்தி உலோகம் சுரண்டின தடம் இருக்கும்.

1947 ரூபாய் காந்தத்துல ஒட்டுதேன்னு தூக்கிப் போட்டுராதீங்க, அது நிக்கல்தான்.

முத்துநகர்:
சேமிப்பைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் உப்புக்காத்து செப்பைத் தின்னுரும். நெல்லையிலயும் ஐப்பசி, கார்த்திகை ஈரம் போதும். புளி, விபூதி, எலுமிச்சை எதுவும் கூடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குப் போட்டா மேல்தோல் உரிஞ்சு எழுத்து மங்கிரும், அப்புறம் எதாலயும் திரும்ப வராது. தமிழ்ப் பிராமியில "பெருவழுதி"ன்னு எழுதின பாண்டியர் சதுரச் செப்புக்காசை தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டாரு. அப்படி ஒரு காசு புளியில ஊறியிருந்தா படிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

மண்ணு ஒட்டியிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறவைங்க, தினம் தண்ணியை மாத்துங்க, தேய்க்காதீங்க. பழைய ஆல்பத்துல பச்சைப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தா அது பிவிசி உறை உமிழுற அமிலத்தால வர்றது. சுத்தமான அசிட்டோன்ல, கண்ணாடிக் கிண்ணத்துல 5, 10 நிமிசம் போட்டு எடுத்துக் காத்தாட உலர விடுங்க. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு எரியாத இடத்துல ஆசிரியர் மட்டும் செய்யணும்.

உறைக்கு மைலார்ங்கிற பிளாஸ்டிக் படலத்துல சன்னல் வச்ச அட்டை ஹோல்டர் வாங்குங்க. ஸ்டேப்ளர் பின்னோட முனையைக் குறடால அமுக்கி மட்டமாக்காட்டி பக்கத்துக் காசைக் கீறும். டப்பாவுல ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினதும் சூடாக்கி மறுபடி போடுங்க.

பாளை வாசகன்:
ரொம்ப நன்றி. தராசு, லென்சு, காந்தம், ஹோல்டர் எல்லாம் 2,000-க்குள்ள வந்திரும் போல. ஒரு சந்தேகம்: குறுக்குத்துறை, பாபநாசம் பக்கம் ஆத்து மணல்ல பிள்ளைக காசு பொறுக்கிட்டு வருதுக. அதைச் சேர்க்கலாமா?

தராசுமுனை:
பக்தர்கள் போட்ட இந்தக் காலத்துக் காசுன்னா பழகிப் பாக்க எடுத்துக்கிடலாம். மணல் உரசி தேய்ஞ்சிருக்கும், தரம் எதிர்பார்க்காதீங்க. மண்ணுக்குள்ள புதையலாப் பழங்காசு கிடைச்சா 1878 புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேலன்னாலே கலெக்டருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். 100 வருசம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, வெளிநாட்டுக்காரருக்கு வித்துத் தபால்ல அனுப்பினாலும் அதே குத்தம்தான். பிள்ளைககிட்ட இதை முதல் நாளே சொல்லிருங்க. இடத்தைப் படம் எடுத்து, காசைக் கழுவாம, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துல காட்டி விசாரிக்கச் சொல்லுங்க.