செல்ஃப் அமுக்கினா 'டக்'னு ஒரே சத்தம், ஏடிவி ஸ்டார்ட் ஆகல. கேத்தி பாலாடா, உதவி வேணும்

பாலாடா கேரட்

வணக்கம்ங்க. ஊட்டி பக்கம் எங்க தோட்டம், ரோட்டுல இருந்து கீழ ஓடை வரைக்கும் படிப்படியா இறங்குற நிலம். கேரட் மூட்டைய மேல ஏத்தறதுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஏடிவி (மேடு பள்ளத்துல ஓடுற நாலு சக்கர வண்டி) வாங்கினோம். 250 சிசி, கார்புரேட்டர் வண்டி, கியர் மாத்த வேண்டியதில்ல, பெல்ட்ல ஓடுறது. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். பின்னாடி சின்ன டிரெய்லர் மாட்டி ஒரு நடைக்கு மூணு மூட்டை ஏத்துவோம்.

ஐப்பசி மழை புடிச்சப்போ தார்பாய் போட்டு மூடினது. இப்ப தை பிறந்துதான் எடுத்தேன். சாவி போட்டா லைட் எல்லாம் பளிச்சுனு எரியுது. செல்ஃப் அமுக்கினா சீட்டுக்கு அடியில 'டக்'. விட்டுட்டு திரும்ப அமுக்கினா இன்னொரு 'டக்'. இன்ஜின் அசையவே மாட்டேங்குது.

பேட்டரி போயிடுச்சுன்னு கடையில சொன்னாங்க. புதுசு வாங்கி மாட்டியும் அதே டக். வர்ற வாரம் அறுவடை. சாயங்காலம் மேட்டுப்பாளையம் லாரி வர்றதுக்குள்ள மூட்டை ரோட்டுக்கு வந்தாகணும். ஆள் வெச்சு தலைச்சுமையா ஏத்தினா அப்பாவும் கூட தூக்குறேன்னு வந்து நிப்பாரு. அவருக்கு முழங்கால் தேய்மானம். அதுதான் எனக்கு பயம்.

பக்கத்து தோட்டத்து அண்ணா ஜீப்புல கட்டி இழுத்தா புடிச்சுக்கும்ங்கிறாரு. செய்யலாமா?

கோத்தகிரி தேயிலை

இழுக்காதீங்க தம்பி. பெல்ட் வண்டில அது நடக்காது. இன்ஜின் ஓரளவு சுத்தினாத்தான் கிளட்ச் புடிக்கும், பெல்ட் வீலுக்கு வேகம் கொடுக்கும். இன்ஜின் நின்னுட்டு இருக்கும்போது வீல் எவ்வளவு சுத்தினாலும் அது இன்ஜினுக்குப் போய்ச் சேராது. உங்க சரிவுல கயிறு கட்டி இழுக்கறது வேற, ஆளுக்கே ஆபத்து.

மலைப்பாதை மெக்கானிக்

அந்த 'டக்' நல்ல சேதி தம்பி. அது ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது பேட்டரி கரண்ட ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு விடுற சுவிட்ச், இழுக்கிற சத்தம். ரிலே இழுக்குதுன்னா சாவி, பியூஸ், கில் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் அத்தனையும் வேலை செய்யுது. அதுல எல்லாம் கை வைக்க வேண்டாம். கோளாறு கனமான வயர் போற வழியில இருக்கு: பேட்டரி, ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், எர்த் (இன்ஜின்ல இருந்து பேட்டரி மைனஸுக்குப் போற வயர்). இந்த நாலுக்குள்ளதான்.

மல்டிமீட்டர் இருக்கா? இல்லன்னா மோட்டாருக்கு காயில் கட்டுறவங்ககிட்ட கேளுங்க. டிசி 20 வோல்ட்ல வெச்சு பேட்டரி ரெண்டு முனையில புடிங்க. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் காட்டும். அப்படியே ஒரு ஆளை செல்ஃப் அமுக்கச் சொல்லுங்க. 9க்கும் கீழ விழுந்தா பேட்டரில தெம்பு இல்ல, இல்லன்னா மோட்டார் இறுகிப் போச்சு. விழாம 12லயே நின்னா, பேட்டரி கொடுக்கத் தயாரா இருக்கு, கரண்டுக்குப் போக வழி இல்லைன்னு அர்த்தம்.

அடுத்து மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும், இன்னொன்ன இன்ஜின் மேல பெயின்ட் இல்லாத இரும்புலயும் வெச்சு, திரும்ப செல்ஃப் அமுக்குங்க. அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. பத்து, பன்னெண்டுன்னு காட்டினா எர்த் வயர் செத்துடுச்சு.

நாலு வீலுக்கும் கல்லு வெச்சுட்டு, நியூட்ரல்ல வெச்சுட்டு செய்யுங்க. பல பேர் இதை மறந்துடறாங்க.

பாலாடா கேரட்

அண்ணா, பார்த்துட்டேன். சும்மா இருக்கும்போது 12.7. அமுக்கினா 12.5. இன்ஜினுக்கும் மைனஸுக்கும் நடுவுல 11.9!

எர்த் வயரத் தேடிப் போனேன். இன்ஜினுக்கு அடியில, பின்பக்கம், சேறு படியுற இடத்துல ஒரு போல்ட்டுல மாட்டியிருக்கு. மேல பார்த்தா சேறுதான். சுரண்டினா உள்ள மயில்துத்தம் கலர்ல நீலமா பூத்துக் கிடக்கு. உருளைக்கிழங்குக்கு மருந்து கலக்குறப்ப பார்ப்போமே, அச்சு அசலா அந்த நிறம். வயர் நுனியில இருக்கிற கண்ண (போல்ட் நுழையுற வளையம்) கையில புடிச்சதும் பாதி இழை பொடியா உதிர்ந்துடுச்சு.

மலைப்பாதை மெக்கானிக்

அதுதான், அதேதான். மிச்ச இழைய நம்பாதீங்க. அதே கனத்துல புது வயர், ரெண்டு பக்கமும் கண்ணு அடிச்சு வாங்கி மாட்டுங்க. போல்ட் உக்கார்ற இடத்த உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ங்க. முறுக்கினதுக்கு அப்புறம் மேல வாசலின் தடவுங்க.

பாலாடா கேரட்

மாட்டியாச்சு. செல்ஃப் அமுக்கினதும் இன்ஜின் கிறு கிறுன்னு சுத்துது! அப்பா முகத்துல சிரிப்பு. ஆனா புடிக்கல. சோக் போட்டு, விட்டு விட்டு பத்து தடவை பார்த்தாச்சு. உறைபனி விழுந்த காலை வேற, சீட்டு மேலயே வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. குளிரினாலயா?

மன்னவனூர் பூண்டு

எங்க கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான். மலையில காத்து கம்மி, பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுத்துடும். கார்புரேட்டர்ல சின்ன ஜெட் (பெட்ரோல் போற ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு) மாத்துங்க, சரியாகிடும்.

மலைப்பாதை மெக்கானிக்

பூண்டு அண்ணா சொல்றது உண்மைதான். ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்த விட ஏறக்குறைய கால் பங்கு கம்மி. ஆனா இந்த வண்டி போன புரட்டாசி வரைக்கும் அதே தோட்டத்துல மூட்டை ஏத்துனது. அன்னைக்குப் போதுமா இருந்த ஜெட் இன்னைக்கும் போதும். மூணு மாசத்துல மாறினது எதுவோ அதத்தான் தேடணும். ஜெட்ட மாத்தினா ஒரு கோளாறு ரெண்டாகும்.

தம்பி, குளிர்ல புடிக்க நேரம் எடுக்கும், புடிக்காமலே போகாது. செல்ஃப் அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க, நடுவுல அரை நிமிஷம் விடுங்க, மோட்டார் சூடாகும். இப்ப பிளக்க கழட்டுங்க. ஈரமா, காய்ஞ்சிருக்கா? பெட்ரோல் வாசம் அடிக்குதா? அப்புறம் பிளக் வயரோட கேப்ல மாட்டி, பிளக்கோட இரும்ப இன்ஜின் மேல வெச்சு செல்ஃப் அமுக்குங்க. பிளக் ஓட்டைய துணியால மூடிட்டு, பெட்ரோல் சிந்தியிருந்தா துடைச்சுட்டு செய்யணும். நீலமா பொறி தெறிக்கணும்.

பாலாடா கேரட்

பொறி நல்லா வருது, டக் டக்னு நீலம். பிளக் எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு. வாசமே இல்ல. டேங்க்ல பாதி பெட்ரோல் இருக்குங்க, அக்டோபர்ல போட்டது.

மலைப்பாதை மெக்கானிக்

அப்ப கரண்ட் கோளாறு இல்ல, பெட்ரோல் உள்ள வரல. இப்ப பெட்ரோல் பங்க்ல கிடைக்கிறது எத்தனால் 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்த இழுக்கும். உங்க ஊர்ல மூணு மாசம் மழையும் மேகமும், டேங்க் பாதி காலி. அந்தக் காலி இடத்துக் காத்துல இருக்கிற ஈரம் குளிர்ல வேர்த்து உள்ளயே இறங்கும்.

கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலப் புடிச்சு லூஸ் பண்ணுங்க. வர்றத வெளிச்சத்துல பாருங்க. பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது.

பாலாடா கேரட்

பாட்டில அஞ்சு நிமிஷம் திண்ணையில வெச்சேன். மேல லேசான மஞ்சள், கீழ ஒரு விரல் உயரத்துக்கு கலங்கின தண்ணி மாதிரி தனி அடுக்கு. ஆட்டினா கலக்குது, வெச்சா திரும்பப் பிரியுது. என் பொண்ணு எண்ணெயும் தண்ணியுமான்னு கேட்டா.

டேங்க முழுசா வடிச்சு, புது பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஊத்தினேன். நாலாவது தடவைல புடிச்சுடுச்சு! ஆனா சோக் உள்ள தள்ளினதும் நின்னு போகுது. சோக்கோட இருந்தா மட்டும் ஓடுது.

கோத்தகிரி தேயிலை

பைலட் ஜெட் அடைச்சிருக்கு. எனக்கும் இப்படித்தான் ஆச்சு.

மலைப்பாதை மெக்கானிக்

ஆமா. சோக் போட்டா வேற வழியா பெட்ரோல் போகுது, எடுத்தா ஐடிலிங்குக்கு வழி இல்ல. கிண்ணத்தக் கழட்டினா நடுவுல பெரிய ஜெட், பக்கத்துல குழிக்குள்ள சின்னது. சின்னதுதான் பைலட். சரியான அகல ஸ்க்ரூடிரைவர் போடுங்க, பித்தளை சீக்கிரம் வழுக்கிடும். வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா ஊசி முனை அளவு ஓட்டை தெரியணும். அடைச்சிருந்தா ஊசி, கம்பின்னு எதையும் விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசானா திரும்ப வராது. கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு ஊற விட்டு காத்து அடிங்க. ரொம்ப அடம் புடிச்சா எலக்ட்ரிக் வயர்ல இருந்து ஒரே ஒரு செம்பு இழை, அதுவும் மெதுவா.

பாலாடா கேரட்

மூணு நாள் எழுத முடியல, மன்னிச்சுக்குங்க, அறுவடை.

ஜெட்ல ஓட்டையே தெரியல அண்ணா, பச்சைப் பிசின் மாதிரி மூடியிருந்துச்சு. ராத்திரி முழுக்க கிளீனர்ல ஊறப் போட்டேன். காலையில சைக்கிள் கடையில காத்து அடிச்சதும் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிஞ்சது. மாட்டி, சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு சோக்க தள்ளினேன். நிக்காம ஓடுச்சு. அன்னைக்கே இருபத்தி நாலு மூட்டை ஏத்தினோம். அப்பா மேல ரோட்டுல நின்னு எண்ணிட்டு இருந்தாரு.

பழைய பேட்டரியயும் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். சார்ஜ் போட்டு ஒரு நாள் விட்டும் 12.6 நிக்குது. அது போகவே இல்ல. அடுத்த மழைக்கு வண்டிய மூடும்போது என்ன செய்யணும்னு சொல்லுங்க அண்ணா.

மலைப்பாதை மெக்கானிக்

பெட்ரோல் டேப்ப மூடிட்டு இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, கிண்ணம் காலியாகும். மிச்சத்த அடியில ஸ்க்ரூவ லூஸ் பண்ணி வடிச்சுடுங்க. டேங்க்ல இருக்கிறத வண்டியிலயே தீர்த்துட்டு மூடுங்க. பேட்டரி மைனஸக் கழட்டி வெச்சு, மாசம் ஒரு தடவை சார்ஜ் போடுங்க. தார்பாய் தரையத் தொடாம ஒரு சாண் மேல நிக்கட்டும், அடியில காத்து போகணும். அந்த எர்த் போல்ட்ட மட்டும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் சேறு சுரண்டிப் பாருங்க.

பாலாடா கேரட்

சரிங்கண்ணா. போல்ட் இருக்கிற இடத்துல சிவப்பு பெயின்ட்ல ஒரு பொட்டு வெச்சுட்டேன், அப்பாவுக்கும் தெரியட்டும்னு.