கட் ஆஃப் 178: பாஸ் சதவீதமா, பிளேஸ்மென்ட்டா?

கலந்தாய்வு அப்பா: பையனுக்கு இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு 178. ரெண்டு காலேஜ் மனசுல இருக்கு. ஒண்ணு தன்னாட்சி, வாசல்லயே 'பிளேஸ்மென்ட் 95%'னு பேனர். இன்னொண்ணு அண்ணா பல்கலைத் தேர்வு எழுதுற காலேஜ், பாஸ் 70%-க்குப் பக்கம். சாய்ஸ் லிஸ்ட்ல எதை மேல போடலாம்?

பேக் பெஞ்ச்: தன்னாட்சி சார், யோசிக்கவே வேணாம். கம்பெனி உள்ள வந்தா போதும். பாடம் யூடியூப்லயே இருக்கு.

சாக்பீஸ்: இருபது வருஷம் பாடம் எடுத்தவன் நான். அந்த 70-ஐ லேசா நினைக்காதீங்க. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே கேள்வித்தாள். தன்னாட்சியில கேள்வித்தாள், திருத்தல் ரெண்டும் அவங்க ஏற்பாடு. அங்க நூத்துக்கு 95 பேர் பாஸானாலும் எதோட ஒப்பிடுவீங்க?

பேக் பெஞ்ச்: நாங்களும் எழுதினோம் ஐயா. 2 மார்க், 13 மார்க்னு பழைய கேள்விகளை உருப்போட வச்சாங்க. அதுவா கற்பித்தல்?

சாக்பீஸ்: இல்லதான். ஒத்துக்கறேன்.

ரேங்க் ராணி: ரெண்டு பேரும் விடுங்க. மத்திய அரசோட காலேஜ் தரவரிசை என்ஐஆர்எஃப், 2016-லேருந்து ரேங்க் போடுது. கற்பித்தலும் வளங்களும் 30%, பட்டம் முடிச்சவங்க நிலைமைக்கு 20%.

சாக்பீஸ்: அந்த 30-க்காக யாரும் வகுப்புல உட்கார்ந்து பார்க்கறதில்லம்மா. எத்தனை ஆசிரியர், எத்தனை பிஎச்டி, எவ்வளவு செலவு, அவ்வளவுதான். தலையை எண்றதுலயும் வில்லங்கம் உண்டு. 2024 ஜூலையில அறப்போர் இயக்கம்ங்கற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியிட்டதைப் படிச்சீங்களா? ஒரே பேராசிரியர் பல காலேஜ்ல முழுநேர ஆசிரியர்!

ரேங்க் ராணி: படிச்சேன். அதனாலதான் ரேங்கை விட்டுட்டு, அதுக்காக காலேஜ் குடுக்கற தரவைப் பாருங்கங்கறேன். அவங்க வெப்சைட்லயே கிடக்கும். சேர்ந்தவங்க, நாலு வருஷத்துல முடிச்சவங்க, வேலை கிடைச்சவங்க, மீடியன் (அடுக்கினா நடுவுல வர்ற) சம்பளம்னு வரிசையா இருக்கும். அதுவும் அவங்களே எழுதினதுதான், ஆனா பேனரை விட தேவல.

பேக் பெஞ்ச்: மீடியன் நல்லா இருந்தா சரிதானே?

ரேங்க் ராணி: அது வேலை கிடைச்சவங்களோட மீடியன் மட்டும். அரியரோட வீட்ல இருக்கறவன் அந்தக் கணக்குலயே வரமாட்டான்.

கலந்தாய்வு அப்பா: இப்பதான் அந்தத் தன்னாட்சி காலேஜோட என்ஐஆர்எஃப் தரவு பைலைத் திறந்தேன். வேலை கிடைச்சவங்களை, சேர்ந்தவங்களால வகுத்தா பாதிக்குக் கொஞ்சம் மேல. அந்த 95 எங்கேர்ந்து வந்துச்சு?

பேக் பெஞ்ச்: அரியர் இல்லாதவங்களை மட்டும் 'எலிஜிபிள்'னு எண்ணுவாங்க சார். எங்க பேட்ச்ல நான் அந்த லிஸ்ட்லயே இல்ல.